தாருகானாவில் பார்த்த பழைய பட்டறைக்கல்: வாங்கலாமா, விட்டுவிடலாமா?

கோலிவாடா கிரில்

வணக்கம். மும்பை சயன் கோலிவாடாவில் கிரில் பட்டறை வைத்திருக்கிறேன். ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி, கேட் என்று பதினேழு வருடமாக வெட்டி ஒட்டுகிற வேலை. இரும்பைப் பழுக்கக் காய்ச்சி அடிக்கிற வேலை எனக்கு வராது. எங்கள் தாத்தாவுக்கு வரும். சங்கரன்கோவில் பக்கம் கொல்லுப்பட்டறை வைத்திருந்தவர். அப்பா துருத்தியை விட்டுவிட்டு பம்பாய்க்கு ரயிலேறினார். அதோடு அந்தக் கை எங்கள் வீட்டில் அற்றுப்போனது.

இப்போது எதற்கு இந்த ஆசை என்றால், மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டடம். பால்கனிக் கம்பியில் நான்கு சுருள்கள் துருவேறி உதிர்ந்துவிட்டன. அதே மாதிரி செய்து தரச் சொல்கிறார்கள். கடையில் கிடைக்கும் அச்சுச் சுருளை வைத்துக் காட்டினேன். அந்த வீட்டுப் பாட்டி கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு, "இது முறுக்கு, அது கொடி" என்றார். சொன்னது சரிதான். பழைய சுருளின் முனை மெலிந்து மெலிந்து போய் வாலாக முடிகிறது. அது அடித்து இழுத்த இரும்பு.

என்னிடம் இருப்பது ஒரு தண்டவாளத் துண்டு. அதில் அடித்தால் இரும்பைவிடத் தண்டவாளம்தான் அதிகம் ஆடுகிறது. அதனால் போன ஞாயிறு ரே ரோடில் இறங்கி தாருகானா பக்கம் சுற்றினேன். கப்பல் உடைத்த சாமான், பழைய சங்கிலி, மோட்டார் எல்லாம் குவிந்து கிடக்கும் ஒரு கடையின் வாசலில் காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்கிற இரும்புப் பட்டறைக்கல் ஒன்று கிடந்தது. இந்திக்காரர்கள் 'நிஹாய்' என்கிறார்கள், மராட்டிக்காரர்கள் 'ஐரண்' என்கிறார்கள், எங்கள் தாத்தா 'அடைகல்' என்பார்.

ஒரு பக்கம் கூம்பாக நீளும் கொம்பின் நுனியிலிருந்து மறுபக்கத்து வால் வரை 28 அங்குலம். உயரம் பதினொன்றரை. மேல்முகம் நாலரை அங்குல அகலம், 16 அங்குல நீளம். உடம்பு முழுக்கக் கரும்பச்சை பெயின்ட், கை வைத்தால் இன்னும் லேசாக ஒட்டுகிறது. மேல்முகத்தில் மட்டும் பெயின்ட் இல்லை. பக்கவாட்டில் சாவியால் சுரண்டிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் 'பேட்டன்ட்' என்ற சொல்லின் கடைசி நான்கு எழுத்துகள் தெரிந்தன. அதற்குக் கீழே இடைவெளி விட்டு 1, பிறகு 2, பிறகு 14. கடைக்காரரிடம் இது என்ன என்றேன். செய்த வருடம் என்றார். 1214-ஆம் ஆண்டில் பம்பாயே ஏழு தீவாகக் கிடந்தது என்று சொன்னதும் சிரித்துவிட்டு, அப்படியானால் மாடல் நம்பராக இருக்கும் என்றார்.

1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மூடிய லால்பாக் மில் ஒன்றிலிருந்து வந்த சரக்கு, 150 கிலோ, கிலோ 250 ரூபாய், ஆக 37,500 என்கிறார். எடை போட்டுக் காட்டுங்கள் என்றால் தராசு ரிப்பேர். ஒரு சுத்தியலை எடுத்து முகத்தில் தட்டிக் காட்டினார். கோவில் மணி மாதிரி ஓசை. பக்கத்துக் கடையில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

ஓசையைக் கேட்டதிலிருந்து மனது அங்கேயே இருக்கிறது. ஆனால் 37,500 எனக்கு விளையாட்டுப் பணம் இல்லை. இது உண்மையிலேயே நல்ல கல்லா, வார்ப்பிரும்புக்குப் பெயின்ட் அடித்ததா, எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த எண்கள் என்ன? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தொண்ணூறடி ரோடு வெல்டர்

அண்ணே, முதலில் தண்டவாளத்தைப் படுக்க வைத்து அடிப்பதை நிறுத்துங்கள். நிமிர்த்தி நிறுத்தி, பாதி உயரத்துக்கு மரக்கட்டைக்குள் இறக்கி, வெட்டு முகத்தின் மேல் அடியுங்கள். 52 கிலோத் தண்டவாளம் என்றால் மீட்டருக்கு 52 கிலோ. அரை மீட்டர் துண்டில் 26 கிலோவும் சுத்தியலுக்கு நேர் கீழே நிற்கும். படுக்க வைத்தால் நடுவில் இருக்கிற மெல்லிய தகடு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும், குதிக்கத்தான் செய்யும். நான்கு சுருளுக்கு இது போதும். 37,500 கொடுத்து இரும்புக்கட்டி வாங்குவதற்குப் பதில் நல்ல இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் வாங்கலாம்.

பரேல் பழைய ஸ்மித்தி

தம்பி, அந்த எண்களைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் பரேல் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் 1972-ல் அப்ரண்டிஸாகச் சேர்ந்தவன். அங்கே இரும்படிக்கிற பிரிவான ஸ்மித்தியில்தான் பாதி ஆயுள் போனது. இப்போது டோம்பிவிலியில் பேரனுக்குச் சைக்கிள் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

1, 2, 14 என்பது வருடமும் இல்லை, மாடலும் இல்லை. எடை. பழைய ஆங்கிலேயப் பட்டறைக்கல்லில் இப்படித்தான் குத்துவார்கள். முதல் எண் ஹண்டிரட்வெயிட். இலங்கைத் தமிழர் 'அந்தர்' என்பார்களே, அதே 112 பவுண்டு. நடு எண் அதில் கால் பங்கு, அதாவது 28 பவுண்டு. அதனால் நடு எண் 3-க்கு மேல் போகாது. கடைசி எண் மீதிப் பவுண்டு. உங்கள் கணக்கு 112, 56, 14, மொத்தம் 182 பவுண்டு. கிலோவில் எண்பத்திரண்டரை. 150 கிலோ எங்கிருந்து வந்தது என்று அவரைத்தான் கேட்க வேண்டும். தராசு ரிப்பேரானது தற்செயல் இல்லை.

'பேட்டன்ட்' என்று குத்தியிருப்பதால் பீட்டர் ரைட்டாக இருக்கலாம், இங்கிலாந்தில் டட்லியில் செய்தது. உறுதி செய்ய காலைப் பாருங்கள். அந்தக் கல்லின் முன்காலிலும் பின்காலிலும் தட்டையான சின்னப் படி ஒன்று, திண்ணை மாதிரி ஓடும். பக்கத்தில் ஒரு வட்டத்துக்குள் 'சாலிட் ராட்', அதாவது முழுக்க அடித்த இரும்பு, என்று இருக்கும். அப்புறம் கொம்புக்குக் கீழே, வாலுக்குக் கீழே, அடிப்பாகத்தில் எல்லாம் ஒரு அங்குலச் சதுரத்தில் குருட்டுத் துளை இருக்க வேண்டும். பட்டறையில் காய்ச்சிய கல்லைத் தூக்கித் திருப்புவதற்குக் கம்பி செருகிய துளைகள் அவை. அது இருந்தால் அடித்துச் செய்த கல் என்று பெரும்பாலும் நம்பலாம். வார்த்த கல்லுக்கு அந்தத் துளைக்கு வேலையே இல்லை.

சரி, பெயர் கிடக்கட்டும். பெயரை வைத்து அடிக்க முடியாது. அந்தக் கல்லின் உடம்பு தேனிரும்பு. அடித்தால் பள்ளம் விழுகிற மெத்தை. அதன் தலையில் கிட்டத்தட்ட அரை அங்குலத்துக்கு எஃகுத் தகடு ஒன்றைக் காய்ச்சிப் பற்றவைத்து, பதம் ஏற்றி, அதாவது கடினமாக்கி, வைத்திருப்பார்கள். நீங்கள் காசு கொடுப்பது அந்த அரை அங்குலத்துக்குத்தான். மற்ற எழுபத்தேழு எழுபத்தெட்டு கிலோ அதைத் தாங்கி நிற்கிற கூலியாள். அதனால் பார்க்க வேண்டியதெல்லாம் மூன்று: தகடு இருக்கிறதா, ஒட்டியிருக்கிறதா, பதம் இருக்கிறதா.

பதத்தைச் சொல்ல ஒரு பேரிங் குண்டு போதும். 20 மில்லிமீட்டர் குண்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். எஃகு ஸ்கேலை நிமிர்த்திப் பிடித்து, 25 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து குண்டை விடுங்கள், போடாதீர்கள், விடுங்கள். நல்ல கல் 18, 20 சென்டிமீட்டர் வரை திருப்பி எறியும். பாதிக்குக் கீழே போனால் யோசியுங்கள். வெறும் வார்ப்பிரும்பு ஆறேழு சென்டிமீட்டர்தான் எழுப்பும். ஒரே இடத்தில் விட்டுவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். மேல்முகத்தைச் சாக்பீஸால் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் விடுங்கள். தீ விபத்தில் மாட்டிய கல் வெளியே பளபளவென்று இருக்கும், பதம் முழுக்க ஓடிப்போயிருக்கும். குண்டு காட்டிக்கொடுத்துவிடும்.

கொம்புக்கும் முகத்துக்கும் நடுவில் ஒரு சின்னப் படி இருக்கும். அங்கே குண்டு சோர்ந்துதான் விழும், உளி வெட்டும் நிறைய இருக்கும். அது குறை இல்லை. வெட்டிரும்பு வைத்து வெட்டுகிற இடம். உளி முனை மழுங்கக் கூடாதென்று மெத்தையாகவே விட்டிருப்பார்கள். கொம்பும் மெத்தைதான்.

ஒட்டியிருக்கிறதா என்பதை மண்ணெண்ணெயும் சாக்பீஸும் சொல்லும். எஃகும் தேனிரும்பும் சேருகிற வரி, முகத்திலிருந்து அரை அங்குலம் கீழே பக்கவாட்டில் ஓடும். அங்கே பெயின்ட்டைச் சுரண்டி மண்ணெண்ணெய் தடவி, பத்து நிமிடம் விட்டு, சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். சாக்பீஸைப் பொடியாகத் தேய்த்துவிட்டு, மேலே சுத்தியலால் பத்துத் தட்டு. எங்காவது வாய் பிளந்திருந்தால் உள்ளே போன எண்ணெய் வெளியே வந்து வெள்ளையில் ஈரக்கோடு போடும். நாங்கள் இணைப்புத் தண்டுகளில் விரிசல் தேடியதும் இப்படித்தான்.

இனி தகடு. இதில்தான் ஏமாறுவார்கள். பழைய கல்லை மில்லிங் மெஷினில் ஏற்றி, முகத்தைச் சீவி, கண்ணாடி மாதிரி ஆக்கி விற்பவர்கள் இருக்கிறார்கள். பார்க்க அழகு. ஆனால் சீவிப்போனது எஃகு. இதற்குத் தராசுதான் சாட்சி. நீங்கள் சொன்ன அளவுக்கு முகம் கிட்டத்தட்ட 460 சதுர சென்டிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் சீவினால் 360 கிராம் குறையும். எடை எண்பத்திரண்டரைக்குப் பக்கத்தில் இருந்தால் சரி. 78, 79 என்று வந்தால் ஒரு சென்டிமீட்டர் தகடு காணாமல் போயிருக்கிறது, உங்களுக்கு மிஞ்சியது வெற்றிலை கனம். அதற்கு உங்கள் தண்டவாளமே மேல். எடை போட மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

மணியோசையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஓசை வந்தால் நல்லது, அவ்வளவுதான்.

வார்ப்படம் தாணே

கோவைக்காரன், பதினெட்டு வருடமாக வார்ப்படத் தொழிலில் இருக்கிறேன். பெரியவர் சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். ஓசையை இப்படித் தள்ளிவிடக் கூடாது. சாம்பல் வார்ப்பிரும்புக்குள் கிராஃபைட் இலை இலையாகப் பரவிக் கிடக்கும். அது அதிர்வைத் தின்றுவிடும். மெஷின் படுக்கையை அதில் வார்ப்பது அதற்காகத்தான். அப்படிப்பட்ட கல்லைத் தட்டினால் 'தொம்' என்று இருக்கும். மணி மாதிரி ஒலித்தது என்றால் மலிவான வார்ப்பிரும்பு இல்லை என்பது அப்போதே முடிவாகிவிட்டது. அந்தக் கடைக்காரர் தெரிந்தோ தெரியாமலோ ஒரு சோதனையைச் செய்துகாட்டியிருக்கிறார்.

ஆனால் தலைகீழாகச் சொல்ல முடியாது. ஒலிக்காததெல்லாம் கெட்ட கல் இல்லை. அமெரிக்காவில் ஃபிஷர் என்று ஒரு கல் செய்தார்கள், வார்ப்பிரும்பு உடம்பின் மேல் எஃகு முகம். தட்டினால் மூச்சே விடாது, ஆனால் குண்டை நன்றாக எறியும். வார்த்ததெல்லாம் மட்டம் என்பதும் தப்பு. ஸ்வீடன்காரர்களின் கோல்ஸ்வா வார்த்த எஃகு. அதைப் பார்த்தால் விடாதீர்கள்.

கிரைண்டரில் பொறி பார்க்கிற பழக்கம் உங்களுக்கு இருக்கும். அடிப்பாகத்தில் ஒரு விநாடி தொட்டுப் பாருங்கள். வார்ப்பிரும்புப் பொறி மங்கிய சிவப்பில், குட்டையாக விழுந்துவிடும். தேனிரும்புப் பொறி நீளமாக, வைக்கோல் நிறத்தில், அதிகம் வெடிக்காமல் ஓடும். முகத்தில் மட்டும் கிரைண்டரை வைக்க வேண்டாம். அங்கே ஒரு பழைய அரம் போதும். அரம் கடிக்காமல் வழுக்கினால் பதம் இருக்கிறது.

பச்சை பெயின்ட் எனக்குப் பிடிக்கவில்லை. பழைய இரும்பு விற்பவன் எதற்குப் பெயின்ட்டுக்குச் செலவு செய்கிறான்?

கோலிவாடா கிரில்

பெரியவருக்கும் தாணே அண்ணனுக்கும் நன்றி. நேற்று வியாழக்கிழமை, கரண்ட் இல்லை, பட்டறைக்கு அரை நாள் லீவு விட்டுவிட்டு மறுபடி போனேன். கையில் பேரிங் குண்டு, ஸ்கேல், இருமல் மருந்து பாட்டிலில் மண்ணெண்ணெய், பெண்ணின் பென்சில் டப்பாவிலிருந்து இரண்டு சாக்பீஸ், கம்பி பிரஷ். கூடவே வேலைக்காரப் பையன். கடைக்காரர் பாட்டிலைப் பார்த்துவிட்டு, "கல்லுக்கு இருமலா?" என்று கேட்டார்.

முதலில் பெயின்ட். தாணே அண்ணன் சொன்னது சரி. முகத்தின் ஒரு விளிம்பில் மூன்று அங்குல நீளத்துக்கு நகம் வைத்தால் நகம் இறங்குகிறது. காருக்குப் பட்டி பார்ப்பதுபோல் பட்டி பார்த்து, மேலே பச்சை அடித்திருக்கிறார்கள். கம்பி பிரஷ் போட்டதும் வெள்ளையாக உதிர்ந்தது. உள்ளே விளிம்பு உடைந்து, ஆழம் ஒரு சென்டிமீட்டர் இருக்கும். கடைக்காரர் முகம் அப்போதே மாறிவிட்டது. இரண்டு டீ சொன்னார்.

கொம்புக்குக் கீழே சதுரத் துளை இருக்கிறது, அதில் குளவிக்கூடு. வாலுக்குக் கீழேயும் இருக்கிறது. காலில் திண்ணையும் இருக்கிறது, பெரியவர் சொன்ன அதே மாதிரி. வட்டத்துக்குள் எழுத்து பாதி தேய்ந்துவிட்டது.

முகத்தில் கட்டம் போட்டேன், ஐந்துக்கு மூன்று. குண்டை விட விட சுற்றி ஆறேழு பேர் கூடிவிட்டார்கள். நடுவில் 19, 19, 20. குண்டு துள்ளித் துள்ளி அடங்கும்போது தையல் மெஷின் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம், நிற்கவே மனதில்லாமல் நின்றது. வால் பக்கம் போகப் போக 16, 15. பட்டி பார்த்த விளிம்புக்குப் பக்கத்து மூலையில் மட்டும் 8. நெல் மூட்டையில் விழுந்தது மாதிரி விழுந்தது. மூன்று முறை விட்டேன், மூன்று முறையும் அப்படியே.

அந்த மூலையில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்பீஸ் பூசித் தட்டினேன். ஐந்தாவது தட்டில் வெள்ளைக்கு நடுவே மயிரிழையாக ஒரு கோடு. பத்தாவது தட்டில் அது இரண்டு அங்குலத்துக்கு நீண்டு அங்கேயே நின்றுவிட்டது. மற்ற பக்கமெல்லாம் சாக்பீஸ் வெள்ளையாகவே இருந்தது.

ஸ்கேலை முகத்தின் மேல் நீளவாக்கில், விளிம்பு படும்படி வைத்துப் பார்த்தால் நடுவில் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் வெளிச்சம்.

தராசுக்கு வருவோம். பக்கத்துக் கடையில் மேடைத் தராசு வேலை செய்கிறது. பையனும் நானும் கடை ஆள் ஒருவரும் சேர்ந்து உருட்டிக்கொண்டு போனோம். 81.4. கடைக்காரர் தராசைத்தான் சந்தேகப்பட்டார். பையனை ஏற்றி நிறுத்தினோம், 58. போன வாரம் ஆஸ்பத்திரியில் போட்ட எடையும் அதுதான் என்று பையன் சாட்சி சொன்னான்.

இன்னொன்று. பின்காலில் பெயின்ட்டைச் சுரண்டினால் 'ஜி.ஐ.பி.ஆர்.' என்று ஆங்கிலத்தில் குத்தியிருக்கிறது. லால்பாக் மில் கதையை அவர் அதோடு விட்டுவிட்டார். இது பிரச்சினையா?

பைகுல்லா பைண்டர்

ஜி.ஐ.பி.ஆர். பழைய ரயில்வேயின் முத்திரை, பிரச்சினை ஆகலாம். ரயில்வேயின் உடைமையாக இருக்கிற பொருளைத் தக்க காரணம் இல்லாமல் வைத்திருந்தால் அதற்கென்று 1966-லேயே தனிச் சட்டம் இருக்கிறது. பொருள் உங்கள் கைக்கு நேர்வழியில் வந்தது என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். ரயில்வே ஏலம் விட்டுக் கழித்த பொருள் என்றால் கவலை இல்லை. அதனால் கடைக்காரரிடம் பில்லும், அவர் வாங்கியதற்கான காகிதத்தின் நகலும் கேளுங்கள். காகிதம் இல்லை என்றால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொட வேண்டாம். இங்கே பேசப்படும் தண்டவாளத் துண்டுகள் எங்கிருந்து வந்தன என்று நான் கேட்கவில்லை.

பரேல் பழைய ஸ்மித்தி

ஜி.ஐ.பி. என்பது கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே. 1951 நவம்பர் 5-ஆம் தேதி அது மத்திய ரயில்வேக்குள் போய்விட்டது. ஆக உங்கள் கல் அதற்கு முன்பே இந்த ஊர்ப் பக்கம் வந்து சேர்ந்துவிட்டது, குறைந்தபட்சம் என் வயதுக்குக் கொஞ்சம் மேல். எங்கள் பரேல் ஸ்மித்தியில் இருந்ததா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. எங்களிடம் இருந்த பெரிய கல்லெல்லாம் இதற்கு இரண்டு மடங்கு. சின்னதைச் சங்கிலிக் கொக்கி, ஆணி வேலைக்கு ஓரமாகப் போட்டிருப்பார்கள். பைண்டர் சொன்ன காகித விஷயத்தை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள்.

81.4 வந்தால் குறைவு 1.1 கிலோதான். உடைந்த விளிம்பு, எழுபது எண்பது வருடத் தேய்மானம், துரு எல்லாம் சேர்த்து அது நியாயம். முகத்தை யாரும் சீவவில்லை. நடுவில் 2 மில்லிமீட்டர் குழி நல்லதுதான். வளைந்த பட்டையை நேராக்க வேண்டுமானால் தட்டையான முகத்தில் அடித்து மாளாது. சின்னக் குழி இருந்தால் ஒரே தட்டில் நேராகும். வால் பக்கம் 15 என்பதும் சரி, அங்கே கீழே இரும்பு இல்லை, தொங்கல்.

மூலையில் இரண்டு அங்குலம் தகடு வாய் பிளந்திருக்கிறது. அது மெய்யான குறை. ஆனால் மீதி முகம் முழுக்க இறுக்கமாக இருக்கிறது. உங்கள் வேலைக்கு அந்த மூலை வேண்டாம். அங்கே சம்மட்டி விழாமல் பார்த்துக்கொண்டால் உங்கள் காலத்துக்கும் பெண் காலத்துக்கும் வரும்.

இப்போது முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் வெல்டர். அந்த உடைந்த விளிம்பைப் பார்க்கப் பார்க்கக் கை அரிக்கும். ஒரு ராடு ஓட்டி, கிரைண்டர் போட்டு, புதுசு மாதிரி ஆக்கிவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். எஃகுத் தகட்டை முழுக்க 200 டிகிரிக்கு மேல் சூடேற்றி, சூடு இறங்காமல் ஓட்டி, மெதுவாக ஆறவிட வேண்டிய வேலை அது. குளிர்ந்த முகத்தில் ஓட்டினால், ஓட்டிய இடத்துக்கு ஓரமாக முறுகி வெடிக்கும், அதற்குப் பக்கத்தில் பதம் இறங்கும். என் மைத்துனர் இப்படித்தான் நல்ல கல் ஒன்றைக் கெடுத்தார். இரண்டு மாதத்தில் ஒட்டிய இரும்பு சில்லாகத் தெறித்து, நல்லவேளை கண்ணுக்குப் போகாமல் சட்டைப் பொத்தானை உடைத்தது. உடைந்த விளிம்பு அப்படியே இருக்கட்டும். கூரான மற்ற விளிம்புகளையே நாம் லேசாக உருட்டிவிட்டுத்தான் வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் மடிக்கிற இடத்தில் இரும்பு வெட்டுப்படும். கண்ணாடி போடாமல் அடிக்காதீர்கள்.

விலை: அவரே கிலோக் கணக்கு சொன்னதால் அவர் கணக்கிலேயே பேசுங்கள். 250 வீதம் 20,350 ஆகிறது. பட்டியையும் மூலையையும் காட்டி அதிலிருந்து இறங்குங்கள்.

தொண்ணூறடி ரோடு வெல்டர்

37,500-லிருந்து பாதியாக இறங்கிவிட்டது, ஒரு குண்டுக்கு இத்தனை மதிப்பா! இருந்தாலும் நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. பைண்டர் அவர்களே, என் தண்டவாளம் கப்பல் துறைமுகத்துக் கிரேன் ஓடிய தண்டவாளம், பில் இருக்கிறது.

கோலிவாடா கிரில்

வாங்கிவிட்டேன். கிலோ 200 என்று பேசி, சில்லறையைத் தள்ளி 16,000. கடைக்காரர் பேரத்துக்குக் கூட அவ்வளவு வருத்தப்படவில்லை. காகிதம் கேட்டபோதுதான் உண்மையாகவே மனம் நொந்தார். பரண் மேல் ஏறி, எலி கடித்த கோப்பு ஒன்றை இறக்கி, ஏல மொத்தச் சரக்கு எடுத்த சீட்டைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம். அதில் 'பட்டறைக்கல் பழையது 3' என்று ஒரு வரி இருக்கிறது. மற்ற இரண்டும் எங்கே என்றேன். விற்றாயிற்றாம். நகலும் பில்லும் பிளாஸ்டிக் உறையில் போட்டு சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

ரே ரோடு மரக்கடையிலேயே அடிக்கட்டை ஒன்று வாங்கி, இரண்டையும் ஒரே டெம்போவில் ஏற்றி வந்தேன். மரக்கடைக்காரர் வேம்பு என்றார், அறுத்த வாசனை புளி மாதிரி இருக்கிறது. எதுவானாலும் நார் மேல்நோக்கி நிற்கிறதா என்று பார்த்துத்தான் எடுத்தேன். நின்றுகொண்டு கையை முஷ்டியாகத் தொங்கவிட்டால் முட்டி தொடுகிற உயரத்துக்கு முகம் வர வேண்டும் என்று தாத்தா அப்பாவிடம் சொன்னது, அப்பாவிடமிருந்து போனில் வந்தது. கட்டையை நான்கு அங்குலம் வெட்டிக் குறைத்தேன்.

ஒரே தொல்லை ஓசைதான். எங்கள் சந்தில் சுவருக்குச் சுவர் வீடு. நேற்று மாலை ஆறு தட்டுதான் தட்டினேன், மாடியிலிருந்து ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது, எதிர் வீட்டு அக்கா பூஜை நேரமா என்று எட்டிப் பார்த்தார்.

வார்ப்படம் தாணே

கட்டைக்கும் கல்லுக்கும் நடுவில் பழைய கன்வேயர் பெல்ட் துண்டு ஒன்று விரியுங்கள். இடுப்பைச் சுற்றிக் கனமான சங்கிலி போட்டு இறுக்குங்கள். ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய பெரிய காந்தம் கிடைத்தால் வாலுக்குக் கீழே ஒட்டிவிடுங்கள். மணி 'டக்' என்று ஆகிவிடும். குண்டு துள்ளுவது குறையாது, பயப்பட வேண்டாம்.

பரேல் பழைய ஸ்மித்தி

தம்பி, வாலின் மேல்முகத்தில் இருக்கிற சதுரத் துளையை இன்னும் நீங்கள் அளக்கவில்லை என்று நினைக்கிறேன். சுருளுக்கு முதலில் வேண்டியது அதில் செருகுகிற இரட்டை முளை, கம்பியை நடுவில் விட்டு வளைப்பதற்கு. கடையில் வாங்கினால் உங்கள் துளைக்கு ஆடும். அதனால் அந்தத் துளைக்குத் தகுந்த முளையை அந்தக் கல்லிலேயே அடித்துச் செய்துவிடலாம்.

ஞாயிறு காலை ஸ்லோ லோக்கலில் சயனில் வந்து இறங்குகிறேன். ஒன்றேகால் அங்குலச் சதுரக் கம்பி ஒரு முழம் வாங்கி வையுங்கள், உலையை எட்டரைக்கு மூட்டினால் போதும். சாப்பாடெல்லாம் வேண்டாம். டீயில் சர்க்கரை போடக்கூடாது, அதை மட்டும் வீட்டில் சொல்லிவிடுங்கள்.

கோலிவாடா கிரில்

சரி ஐயா. துளை ஒன்றேகால் இல்லை, ஒன்றும் எட்டில் ஒரு பங்கும் வருகிறது. கம்பியை அதற்குத் தகுந்த மாதிரி வாங்கவா, அடித்து இறக்கிக்கொள்ளலாமா?

பரேல் பழைய ஸ்மித்தி

ஒன்றேகாலே வாங்குங்கள். இறக்குவதற்குத்தானே நான் வருகிறேன்.